கிணறு இறங்காத நாட்கள்

திண்டிவனம்
28.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

சங்கவி எழுதுகிறேன். விடுதியில் சாப்பாடு சுமார், மற்றபடி நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஐப்பசியில் நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பார்த்ததுதான். இரண்டாவது தடவையும் மூன்றாம் மாதத்தில் இப்படி ஆகிவிட்டது. அதைப் பற்றி எதுவும் கேட்கமாட்டேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

பார்சலில் ஒரு டேப், அதன் முனையில் கட்ட ஓர் இரும்புக் குண்டு, மாதத்துக்கு ஒன்றாக ஏழு தாள்கள், தபால்தலை ஒட்டிய உறைகள் இருக்கும். நம் கிழக்குக் கொல்லைக் கிணற்றை எனக்காக நீங்கள் தினமும் அளக்க வேண்டும். போர்வெல் போட்ட பிறகு அதில் யாரும் இறைப்பதில்லை, அதனால்தான் அது எனக்கு வேண்டும். மழை நின்ற பிறகு நிலத்தடி நீர் எப்படி இறங்குகிறது என்பதுதான் என் ஆய்வு. போன தடவை வந்தபோதே கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கிருந்து தண்ணீர் வரை எத்தனை மீட்டர், எத்தனை சென்டிமீட்டர். காலை ஏழு மணிக்கு.

போனிலேயே சொல்லியிருக்கலாம். வீட்டில் இருக்கும் ஒரே போன் அண்ணன் சட்டைப்பையில் இருக்கிறது. எடுத்ததும் எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சுதான். மேலும் என் நெறியாளர் தேவநாதன் ஐயாவுக்குக் கையால் எழுதிய மூலத் தாள் வேண்டுமாம்.

ஜூலையில் ஆய்வுக் குழு என் வேலையைப் பார்க்கும். தேறாவிட்டால் பதிவு ரத்து. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வரவேண்டியதுதான். எனவே ஒரே ஒரு விதி, அண்ணி: ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. காலிக் கட்டம் இருந்தால் தாளையே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சங்கவி


காணை
1.2.2025

சங்கவிக்கு உங்க அண்ணி எழுதிக்கிறது.

நானும் உங்க அண்ணனும் சுகம். மாடு ரெண்டும் சுகம். கிணறும் சுகம்தான், தினம் போய்ப் பாத்துக்கினுதானே வர்றேன். வேளைக்குச் சாப்பிடறேன். நீயும் சாப்பிடு. போன தடவை வந்தப்ப கழுத்தெலும்பு தெரிஞ்சுது.

உங்க அண்ணன் கேக்குது, "கிணத்துக்கு ஜுரமா, தினம் டெம்பரேச்சர் பாக்கறியே"ன்னு. "ஆமா, உன் தங்கச்சி டாக்டருக்குப் படிக்குதில்ல, அதான்"னேன். டாக்டர் பட்டம்னா ஊசி போடற டாக்டர்னு அது இன்னும் நெனைச்சிக்கினு இருக்குது. கரும்பு வெட்டு ஆரம்பிச்சிட்டதால விடியறதுக்குள்ள லோடோட ஆலைக்குக் கிளம்பிடுது. வீட்டுல நானும் மாடும்தான்.

கிணத்து மேட்டுல கன்னிமார் சாமிங்க ஏழு பேரும் கல்லா வரிசையா உக்காந்துக்கினு நான் டேப்பை விடறதைப் பாக்கறாங்க. மொத நாள் கூச்சமா இருந்துது. இப்பல்லாம் குளிச்சிட்டு, அவங்களைக் கும்பிட்டுட்டுத்தான் டேப்பைத் தொடறேன். மல்லாட்டை இந்த வருஷம் நல்லா முளைச்சிருக்குது.

தாளை வெச்சிருக்கேன். நீ சொன்ன மாதிரி ஒரு கட்டமும் காலியா இல்லை.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
6.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம்தான், ஆனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஜனவரித் தாளையும் பிப்ரவரித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிணறு ஒரு நாளைக்கு மூன்று சென்டிமீட்டர் இறங்குகிறது. கட்டை வண்டி மாதிரி நிதானமாக. ஆனால் ஜனவரி 14 முதல் 17 வரை நான்கு நாளும் 6.48. இறங்கவே இல்லை. பதினெட்டாம் தேதி ஒரேயடியாக 6.63. பிப்ரவரி 11 முதல் 14 வரை மறுபடியும் அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் இடையே இருபத்தெட்டு நாள். முதலாவது பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்குகிறது, இரண்டாவது பௌர்ணமிக்கு முந்தின நாள்.

நிலா கடலை மட்டும் இழுப்பதில்லை, அண்ணி. நாம் நிற்கும் பாறையையும் துளி இழுக்கிறது. அதனால் ஆழமான கிணறுகளில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நான்கு நாள் அப்படியே நின்று பிறகு சேர்த்து இறங்குவதாக நான் எங்கும் படித்ததில்லை. நம் கிழக்குக் கொல்லையில் அது நடக்கிறது என்றால், ஜூலையில் நான் குழுவின் முன் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

ஒரு சந்தேகம். ஜனவரி 14 பொங்கல். பொங்கலன்று கூடவா கிணற்றுக்குப் போனீர்கள்?

சங்கவி


காணை
15.3.2025

சங்கவிக்கு,

உன் காயிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை படிச்சப்ப நீ சிரிச்சிக்கினே எழுதியிருக்கேன்னு தெரிஞ்சுது. நான் சுகம்.

பொங்கலைப் பத்தி ஏன் கேக்கறே. அன்னைக்கு உங்க அண்ணன்தான் பானை வெச்சுது. பால் பொங்கி அடுப்பே அணைஞ்சுபோய் அது புகையில கண்ணைக் கசக்கிக்கினு நின்ன கதையை நீ பாத்திருக்கணும். நான் தூரத்துல இருந்து "ஊது, ஊது"ன்னு கத்திக்கினு இருந்தேன்.

நிலாவுக்கு அவ்வளவு சக்தி இருக்கும்னு நெனைக்கறியா? எனக்கென்னவோ கிணறு அது பாட்டுக்கு இருக்குதுன்னுதான் தோணுது. அதை வெச்சி ரொம்பப் பெரிசா கட்டிடாத. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன். காயிதத்துல வரமாட்டேங்குது. நேர்ல வந்தா சொல்றேன்.

மல்லாட்டைக்குக் களை வெட்ட ஆள் கிடைக்கலை. நானே இறங்கிட்டேன்.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
17.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பை வருத்திக்கொண்டு கடலைக் கொல்லையில் களை வெட்டாதீர்கள். அண்ணனைத் திட்டியாவது ஆள் வைக்கச் சொல்லுங்கள். நேரில் சொல்வதாக எழுதியிருந்தீர்களே, அது என்ன? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

மார்ச் தாளும், நான் கேட்டபடி நீங்கள் முன்னதாக அனுப்பிய ஏப்ரல் பாதித் தாளும் கிடைத்தன. மறுபடியும் நிற்கிறது. மார்ச் 10 முதல் 13 வரை, ஏப்ரல் 7 முதல் 10 வரை. ஆனால் பௌர்ணமி கைவிட்டுவிட்டது. மார்ச்சில் பௌர்ணமிக்கு நான்கு நாள் முந்தி, ஏப்ரலில் ஆறு நாள் முந்தி. மூன்று நாள் எனக்குச் சாதம் இறங்கவில்லை. பிறகு பஞ்சாங்கத்தை விட்டுவிட்டு வானியல் அட்டவணையை எடுத்தேன். நிலா பூமிக்கு மிக அருகில் வருவது ஏறக்குறைய இருபத்தேழரை நாளுக்கு ஒருமுறை. அந்த நாளிலிருந்து எண்ணினால் கிணறு ஆறு, ஒன்பது, ஒன்பது, எட்டு நாள் கழித்து நிற்கிறது. இழுவை பாறை வழியாக வந்து சேர அவ்வளவு நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது.

தேவநாதன் ஐயா தாளைப் பார்த்துவிட்டு, "அளக்கறாங்களா, நிரப்பறாங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "எங்க அண்ணி ஒரு நாளும் தவறமாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு கோட்பாடு உண்மையா என்று தெரிய, அது இனி நடக்கப்போவதைச் சொல்ல வேண்டும். நான் சொல்லிவிட்டேன். மே 5 அன்று கிணறு நிற்கும். ஐயாவும் நானும் ஐந்து, ஆறு, ஏழு தேதிகளில் வந்து காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை மணிக்கு ஒருதரம் அளக்கப்போகிறோம்.

சங்கவி


காணை
24.4.2025

சங்கவிக்கு,

இங்க எல்லாரும் சுகம். உடம்புக்கு ஒண்ணுமில்லை.

அஞ்சாம் தேதி வேணாம். பத்தாம் தேதிக்கு மேல எப்ப வேணா வா, உங்க சாரையும் கூட்டிக்கினு வா, நாட்டுக்கோழி அடிச்சிக் குழம்பு வெச்சிப் போடறேன். அஞ்சு, ஆறு, ஏழு மட்டும் வேணாம். அந்த நாள்ல என்னால கொல்லைக்கு வரமுடியாது.

என்னா ஏதுன்னு கேக்காத. ஒரு தடவை அண்ணி சொல்றதைக் கேளு.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
12.5.2025

அண்ணிக்கு,

சுகமா? மூன்று நாள் எங்களுக்குச் சமைத்துப் போட்டு, வெயிலில் கிணற்று மேட்டிலேயே நின்றீர்கள். அதற்கு நன்றி சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

9.84, 9.87, 9.90. கிணறு நிற்கவில்லை. நான் தேதி குறித்த கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வராத மாதிரி ஆகிவிட்டது. விக்கிரவாண்டி தாண்டும்போது ஐயா என் பக்கம் திரும்பினார். பிறகு, "மே மாசத்தை விட்டுடும்மா. அக்கம்பக்கத்துல போர் ஓடுது, கோடையில எல்லாம் கலங்கிடும். முதல் நாலு மாசத்தை வெச்சி எழுது. ஆகஸ்ட்ல கருத்தரங்கு இருக்கு, அனுப்பிடலாம்" என்றார். பிடிக்காததை விட்டுவிட்டுப் பிடித்ததை எழுதுவது.

யோசித்துப் பார்த்தால் நான் ஏப்ரலில் செய்ததும் அதுதான். பௌர்ணமி பொருந்தாதபோது நிலாவின் தூரத்தைப் பிடித்தேன். அதுவும் கச்சிதமாகப் பொருந்தாதபோது பாறையின் தாமதத்தைச் சேர்த்தேன். கோட்பாடு உடைகிற சத்தம் ஒவ்வொரு தடவையும் கேட்டது. ஒட்டுப் போடும் அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

இப்போது என்னைக் குடைவது வேறு. நீங்கள் தனியாக அளந்த நான்கு மாதமும் நின்ற கிணறு, நாங்கள் வந்ததும் ஏன் நிற்கவில்லை? அந்த மூன்று நாளும் காலை ஏழு மணிக்கு நீங்களும் அளந்து உங்கள் தாளில் எழுதினீர்கள். எங்கள் அளவும் உங்கள் அளவும் ஒரு சென்டிமீட்டர்கூட மாறவில்லை. அளக்கத் தெரியாதவர் இல்லை நீங்கள். பிறகு ஏன் வரவேண்டாம் என்றீர்கள்? கொல்லைக்கு வரமுடியாது என்று எழுதியவர் மூன்று நாளும் என் பக்கத்தில்தானே நின்றீர்கள்?

அண்ணி, நான் ஜூலையில் என்ன சொல்லட்டும்?

சங்கவி


காணை
2.6.2025

சங்கவிக்கு,

உன் காயிதம் வந்து ரொம்ப நாளாச்சு. தலகாணி உறைக்குள்ளதான் கிடக்குது. சுகமான்னு கேட்டிருந்தே. அதுக்குப் பதிலைக் கடைசியில சொல்றேன்.

கிணறு எப்பவும் நிக்கலை. நான்தான் போகலை.

மாசாமாசம் தூரமான நாள்ல நான் கன்னிமார் மேட்டுல ஏறமாட்டேன். நீ ஒரு கட்டமும் காலியா இருக்கக் கூடாதுன்னு எழுதிட்டே. உங்க அண்ணனை அனுப்பலாம்னா அது விடியறதுக்குள்ள கிளம்பிடுது. அதனால முந்தின நாள் நம்பரையே நாலு நாளும் எழுதினேன். நாலு நாள்ல தண்ணி எங்க ஓடிடப் போவுதுன்னு நெனைச்சேன். நீ போய் நிலாவை இழுத்துக்கினு வருவேன்னு எனக்கென்ன தெரியும்.

மார்ச்சுலயே சொல்லியிருக்கணும். நீ அவ்வளவு சந்தோஷமா எழுதியிருந்தே. என்னால ஒருத்தருக்கு சந்தோஷம்னு வந்து ரொம்ப நாளாச்சு, அதைக் கெடுக்க மனசு வரலை.

யாரும் எனக்குச் சட்டம் போடலை. அத்தை போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷமாச்சு, உங்க அண்ணன் இதுலல்லாம் தலையிடாது. நானாத்தான் பயந்துக்கினு இருக்கேன். போன ஆடியில தலைக்கு ஊத்திக்கறதுக்கு முன்னாடி, கன்னுக்குட்டி கயித்தை அறுத்துக்கினு ஓடுதேன்னு பின்னாடியே அந்த மேட்டுல ஏறிட்டேன். அதுக்கப்புறம் நின்ன புள்ளைதான் ஐப்பசியில போச்சு. அவங்க கோபத்தை நானே ஏறிப்போய் வாங்கிக்கினு வந்தேன்னு அன்னைக்குத் தோணிச்சு. இதை நான் உங்க அண்ணன்கிட்டகூடச் சொன்னதில்லை.

அஞ்சாம் தேதி வேணாம்னது அதுக்குத்தான். அந்த நாளு எனக்கும் தெரியும், உன் கணக்கே தேவையில்லை. உங்க சார் முன்னாடி நான் மேட்டுக்கு வராம கீழ நின்னா என்னான்னு சொல்றது? ஆனா அஞ்சாம் தேதி ஒண்ணும் ஆகலை. ஆறும் போச்சு, ஏழும் போச்சு. நான் உன் பக்கத்துலயே நின்னேன். நீ தண்ணியை எண்ணிக்கினு இருந்தே, நான் நாளை எண்ணிக்கினு இருந்தேன்.

இப்ப முழுகாம இருக்கேன். உங்க அண்ணனுக்கும் விழுப்புரத்து டாக்டரம்மாவுக்கும்தான் தெரியும். மூணு மாசம் தாண்டட்டும். உங்க சார்கிட்ட என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாத. திட்டணும்னா என்னைத் திட்டிக்கோ.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
7.6.2025

என் அண்ணிக்கு,

திட்ட ஒன்றுமில்லை. காலிக் கட்டம் கூடாது என்று எழுதியவள் நான். பொய்யை நான்தான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

இருபத்தெட்டு நாளுக்கு ஒருதரம், நான்கு நாள். அண்ணி, தாள் என் மேசையில் ஐந்து மாதம் கிடந்தது. எனக்கும் மாதாமாதம் வயிறு வலிக்கிறது, நானும் காலண்டரில் புள்ளி வைக்கிறேன். அதே வீட்டில் வளர்ந்தவள். பொங்கலன்று பானை வைத்தது அண்ணன் என்று நீங்கள் எழுதியதைச் சிரித்துக்கொண்டே படித்தேன். அப்போதும் நான் வானத்தைத்தான் பார்த்தேன்.

நீங்கள் இப்போது இருக்கும் நிலையில் மேட்டுக்குப் போகவே வேண்டாம். போவதானால் மெதுவாகப் போங்கள். ஒருநாள் முடியவில்லை என்றால் கட்டம் காலியாக இருக்கட்டும். நிரப்பாதீர்கள். இதுதான் புது விதி.

ஜூலை 11 அன்று குழு கூடுகிறது. ஐயா முதல் நான்கு மாதத்தை அப்படியே வைக்கச் சொல்கிறார். அது பொய் என்று எனக்குத் தெரியும். பொய் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன் என்று இந்தக் கடிதத்தில் வாக்குக் கொடுக்கிறேன். அப்படியானால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அது என் கவலை. நீங்கள் சாப்பிடுங்கள், படுங்கள்.

சங்கவி


திண்டிவனம் பேருந்து நிலையம்
3.7.2025

அண்ணி,

நேற்று ஜூன் தாள் வந்தது. உறையில் அண்ணன் கையெழுத்து. உள்ளே கடிதம் இல்லை. பதினாறாம் தேதி வரை உங்கள் எண்கள். பதினேழிலிருந்து முப்பது வரை எல்லாக் கட்டமும் காலி.

காலியாக விடச் சொன்னது நான்தான். காலிக் கட்டத்தைப் படிக்கவும் இப்போது எனக்குத் தெரியும். அதனால்தான் உடனே கிளம்பிவிட்டேன்.

அண்ணனுக்கு நான்கு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. இதைப் பெட்டியில் போட்டுவிட்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறப்போகிறேன். நீங்கள் வீட்டில் இருக்கிறீர்களா, ஆஸ்பத்திரியிலா என்றுகூடத் தெரியாது. இது உங்கள் கையில் கிடைக்கும்போது நான் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சங்கவி


திண்டிவனம்
13.7.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டீர்களாமே, அண்ணன் சொன்னார். படிக்கட்டு ஏறாதீர்கள், தண்ணீர்க் குடம் தூக்காதீர்கள். அன்று ஆஸ்பத்திரியில் ஸ்கேனில் குழந்தையின் துடிப்பைக் காட்டிய பிறகுதான், திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். கண்டக்டர் சில்லறைக்காக அழுகிறேன் என்று நினைத்து மீதியை உடனே கொடுத்துவிட்டார்.

கட்டிலில் படுத்திருந்த நீங்கள், "சொல்லு. எல்லாத்தையும் சொல்லு" என்றீர்கள். ஏன் மனம் மாறியது என்று கேட்பதற்குள் நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

சொன்னேன். பதினொன்றாம் தேதி குழுவில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐயா ஓரத்தில் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கிணறு நிற்கவில்லை, பதினாறு கட்டங்கள் முந்தின நாள் எண்ணால் நிரப்பப்பட்டவை, காலி கூடாது என்று விதி போட்டது நான், என்றேன். "ஏன் மாசாமாசம்?" என்றார் ஒருவர். கிணற்று மேட்டில் கன்னிமார் கல் இருக்கிறது, அளப்பவர் ஒரு பெண், என்றேன். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இருபத்தெட்டு நாள்னதும் உனக்கு நிலாதான் ஞாபகம் வந்துதா? நீயும் பொம்பளப் புள்ளைதானே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

பிறகு கடினமான கேள்வி வந்தது. பதினாறை நிரப்பியவர் மீதி நூற்று நான்கையும் நிரப்பவில்லை என்று என்ன நிச்சயம்? மே மாதத்து மூன்று நாளை எடுத்துவைத்தேன். உங்கள் அளவு, எங்கள் அளவு. ஐயாதான் வாய் திறந்தார். "அந்தம்மா அளந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அளக்கத் தெரிந்தவர்" என்றார்.

பதிவை ரத்து செய்யவில்லை. தலைப்பை மாற்றச் சொல்லி ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள். கருத்தரங்குக் கட்டுரை இல்லை. அந்த மூன்று நாள் மணிக்கு மணி அளந்ததில் வேறொன்று தெரிகிறது. கிணறு பகலில்தான் இறங்குகிறது. சாயங்காலம் விட்ட இடத்தில் காலையிலும் இருக்கிறது. பக்கத்துக் கொல்லைகளில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தோடு அது ஒத்துப்போகிறது போலிருக்கிறது. போலிருக்கிறது, அவ்வளவுதான். மூன்றே நாள் பார்த்ததை வைத்து இனி நான் எதற்கும் தேதி குறிக்கமாட்டேன்.

இப்போது சொல்லுங்கள். ஏன் சொல்லச் சொன்னீர்கள்?

சங்கவி


காணை
4.8.2025

சங்கவிக்கு,

நான் சுகம். அஞ்சாம் மாசம் தொடங்கப் போவுது. உங்க அண்ணன் என்னை எழுந்திருக்கவே விடமாட்டேங்குது. அதுவே சமைக்குது. ரசத்துல உப்பு போட்டுட்டு, போட்டோமான்னு சந்தேகம் வந்து இன்னொரு தடவை போடுது. கிணத்தையும் இப்ப அதுதான் அளக்குது. ஜூலைத் தாள்ல மூணு கட்டம் காலி. பக்கத்துல "மறந்துட்டேன், திருமுருகன்"னு கையெழுத்து போட்டு வெச்சிருக்குது. நீ ஒண்ணும் சொல்லாத.

நீ கேட்டதுக்கு வர்றேன். பதினேழாம் தேதி எனக்கு ரத்தம் பட்டது வீட்டுல இல்லை. மேட்டுல. டேப்பை விட்டுட்டு நம்பரைப் பாக்கறதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு. கிணத்துச் சுவரைப் புடிச்சிக்கினு அங்கயே உக்காந்துட்டேன். எனக்கும் அந்த ஏழு கல்லுக்கும் நாலடி இருக்கும். வேணும்னே கொண்டாந்து அவங்க எதிர்ல உக்கார வெச்ச மாதிரி. முடிஞ்சுது, இதுவும் போச்சுன்னு நெனைச்சேன். எழுந்திருக்கணும்னுகூடத் தோணலை. பக்கத்துக் கொல்லையில களை வெட்டிக்கினு இருந்த முனியம்மாள் ஓடியாந்து, "என்னாடி அவங்களையே பாத்துக்கினு உக்காந்திருக்கே. அவங்க எங்கயும் போவமாட்டாங்க, நீ ஜல்தி எழுந்திரு"ன்னு கையைப் புடிச்சித் தூக்கினா.

பதினேழு நாள் கட்டில்ல கிடந்தேன். ரத்தம் நின்னுபோச்சு. புள்ளை போகலை. ஆடியில கன்னுக்குட்டி பின்னாடி ஏறி இறங்கினேன், போச்சு. இந்தத் தடவை அவங்க எதிர்லயே ரத்தத்தோட உக்காந்திருந்தேன், இருக்குது. இதையேதான் நான் படுத்துக்கினு திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருந்தேன். நீ வந்து நின்னப்ப அதுல மறைக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லை.

ஒரு தடவை பாத்ததை வெச்சி முடிவு சொல்லக் கூடாதுன்னு நீ எழுதுவே. எழுதிக்கோ. நான் ஒரே ஒரு தடவை பாத்ததை வெச்சித்தான் இத்தனை மாசமா என்னைத் திட்டிக்கினு இருந்தேன்.

இது நிக்குமா போவுமான்னு டாக்டரம்மாவுக்கே இன்னும் முழுசா தெரியலை. எனக்கும் தெரியாது. ஆனா எது ஆனாலும், நானே ஏறிப்போய் வாங்கிக்கினு வந்தேன்னு இனிமே சொல்லமாட்டேன்.

உன் அண்ணி
கிருஷ்ணவேணி